சோமசேகரத்தின் மூடின கார்

அச்சுவேலிச் சந்தியில் வாடகைக் கார் ஓடிய சோமசேகரத்தின் தகப்பன் ஒரு கலியாணத் தரகர். இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மகன் பின்னால் ஆடிய கூத்து ஒருவருக்கும் விளங்காது. வலிகாமத்தில் பாதிப் பேருக்குச் சம்பந்தம் பேசி முடித்த மனிதர் அவர். குடையும் சால்வையுமாக வெயிலில் நடந்தே தேய்ந்தவர். மகனுக்கென்று காணி பூமி எதையும் விட்டுப்போகவில்லை. விட்டுப்போனது ஒரேயொரு பழக்கத்தைத்தான். சம்பந்தம் முற்றாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சோறு மட்டுமல்ல, மோர், தேத்தண்ணீர், பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. ஒரு வாய் குடித்துவிட்டால் நாக்கு அந்த வீட்டுக்குக் கடமைப்பட்டுப்போகும், பிறகு குறையைக் கண்டாலும் சொல்ல வாய் வராது என்பது அவருடைய எண்ணம்.

மகன் தரகுத் தொழிலுக்குப் போகவில்லை. கொழும்பில் ஒரு டாக்குத்தரிடம் கார் ஓடப் பழகி, ஊருக்குத் திரும்பி, துணிக் கூரை போட்ட பழைய திறந்த கார் ஒன்றை வாங்கி ஓடத் தொடங்கினான். ஆனாலும் தகப்பனின் பழக்கம் அவனை விட்டதா? மாடு வாங்கப் போனாலும் கை நனைக்க மாட்டான். வைக்கோல் வாங்கப் போனாலும் நனைக்க மாட்டான். பூரணத்தைப் பெண் பார்க்கப் போன அன்று வாயெல்லாம் நீர் ஊற, பணியாரத் தட்டை வெறித்துப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு இருந்தவன் அவன். பூரணம் அதை இன்றுவரை மறக்கவில்லை.

“விடியப்புறம் எழும்பி அடுப்படியிலை வெந்து பயித்தம் பணியாரம் சுட்டனான். தொட்டும் பாக்காமல் போன மனிசன் உவர்” என்று போகிற வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

முப்பத்தேழாம் ஆண்டு வைகாசியில் அந்தத் திறந்த காருக்குக் கெட்ட காலம் பிறந்தது. ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஆவரங்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தான். சோளகக் காற்று சும்மா விடுமா? மாப்பிள்ளையின் தலைப்பாகையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மிளகாய்த் தோட்டத்தில் போட்டுவிட்டது. துலாவில் ஏறி நின்று நீர் இறைத்துக்கொண்டிருந்தவன் இறங்கி ஓடி, தலைப்பாகையை உதறிக் கொண்டுவந்து கொடுத்தான். மாப்பிள்ளையின் பெரியம்மா காருக்குள் இருந்தே ஒப்பாரி வைக்காத குறை. கலியாணம் நன்றாகத்தான் நடந்தது, பிள்ளை குட்டிகூடப் பிறந்தது. ஆனால் சோமசேகரத்தின் பெயர் கெட்டுப்போயிற்று.

“சோமசேகரத்தின்ரை காரிலை போறதெண்டால் தலைப்பாவைக் கயித்தாலை கட்டிக்கொண்டு போங்கோ” என்று சந்தியில் சிரித்தார்கள்.

பிறகு கலியாண வீட்டார் யாழ்ப்பாணப் பட்டணத்துக் கனிசியஸிடம் போகத் தொடங்கினார்கள். அவனிடம் கண்ணாடி யன்னல் வைத்த மூடின கார் இருந்தது. காற்றும் இல்லை, செம்மண் புழுதியும் இல்லை, கூறைச் சேலையும் கசங்காது. சந்தைக்குப் போகிறவர்களோ பஸ்ஸில் ஏறப் பழகிவிட்டார்கள். வாடகைக் கார்க்காரனுக்குக் கலியாண மாதங்கள்தான் வருஷத்துச் சோறு. அதுவும் போனால் என்ன மிச்சம்?

மிச்சம் காலிதான். தெற்கே, கடல் ஓரத்தில், காலிப் பட்டணத்தில் பூரணத்தின் தமையன் ஏரம்பு சுருட்டுக்கடை வைத்திருந்தான். வரும்போதெல்லாம் மச்சானிடம் ஒரே பாட்டு.

“என்னோடை வெளிக்கிடு மச்சான். கடையிலை நில். மாசாமாசம் வீட்டுக்குக் காசு அனுப்பு. வருஷத்துக்கு ஒருக்கால் தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ வந்து போ. எத்தினை பேர் அப்பிடி இல்லை?”

எத்தனையோ பேர் அப்படித்தான் இருந்தார்கள். பூரணத்தின் தகப்பனும் அப்படித்தான் இருந்தார். அதனால்தான் அவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வந்தது.

ஒருநாள் தமையன் வந்துபோன பிறகு அவள் புருஷனிடம் சொன்னாள். “என்ரை ஐயாவை நான் வருஷத்துக்கு ஒரு மாசம்தான் கண்டனான். வரேக்கை சவுக்காரம் கொண்டு வருவார், பிஸ்கோத்துக் கொண்டு வருவார். அவரோடை என்ன கதைக்கிறது எண்டே எனக்குத் தெரியாது. செத்தாப்போலை எல்லாரும் அழுகினம் எண்டு நானும் அழுதனான். இஞ்சாருங்கோ, எனக்கு விருந்தாளி மாதிரி ஒரு புருஷன் வேண்டாம். நீங்கள் காலிக்குப் போகக் கூடாது. மூடின காரை வாங்குங்கோ.”

சொன்னதோடு நிற்கவில்லை, கையில் கிடந்த காப்புச் சோடியைக் கழற்றி அவன் மடியில் போட்டாள். பழைய காரையும் விற்றார்கள். அதே கிழமையில் புகையிலைத் தோட்டக்காரர் சீவரத்தினத்தார் ஆள் அனுப்பி, ஆவணியில் தன் மகனுக்குக் கலியாணம் என்றும், மூடின கார் வந்தால் மாப்பிள்ளை ஊர்வலம் சோமசேகரத்துக்கே என்றும் சொன்னார். ஊரில் பெரிய வீடு அது. அந்த வீட்டு ஊர்வலம் ஒழுங்காக நடந்துவிட்டால் மற்ற வீடுகள் தானாக வரும். ஏரம்புவும் இறங்கி வந்தான்.

“சரி, அந்தக் கலியாணத்துக்கு நானும் வருவன். அவர் எனக்குப் புகையிலை குடுக்கிறவர். அண்டைக்கு நீ நல்லபடி ஓடிக் காட்டினால் உன்ரை பாடு. இல்லாட்டில் அடுத்த நாள் என்னோடை காலி” என்றான்.

சோமசேகரம் கார் பார்க்கப் புறப்பட்டான். புதுக் கார் கனவிலும் இல்லை. கையில் இருந்த காசுக்கு ஓடின கார்தான் கிடைக்கும். ஆனால் பெரிய காராக இருக்க வேண்டும், துரைமார் ஏறுகிற மாதிரித் தோல் சீற் போட்டிருக்க வேண்டும், நடுவழியில் மானத்தை வாங்கவும் கூடாது. இது மூன்றும் ஒரே காரில் வேண்டும் என்றால் சும்மாவா? அவனுக்குத் தெரிந்த ஒரே வழி தகப்பன் பெண் பார்த்த வழி. யார் வீட்டில் வளர்ந்தது? எத்தனை கை மாறியது? விழுந்து எழும்பியதா? கோபக்காரனிடம் இருந்ததா, சாந்தமானவனிடம் இருந்ததா? இப்படித்தான் விசாரிப்பான். கார் விற்கிறவர்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

முதலில் வல்வெட்டித்துறை. கப்பல்காரர் ஒருவரின் அமெரிக்கக் கார், கன்னங்கரேலென்று, அம்மன் தேர் மாதிரி நின்றது. சோமசேகரம் பாயை விரித்துக் காருக்கு அடியில் புகுந்து, மல்லாந்து கிடந்தபடி விரல் மொளியால் தட்டிப் பார்த்தான். இரும்புத் துரு பொலுபொலுவென்று கண்ணில் கொட்டியது. கடற்கரை வீடு, உப்புக் காற்று. மேலே வர்ணம் பூசிவிடலாம், கீழே என்ன செய்கிறது? வீட்டார் இளநீர் வெட்டிவந்து நீட்டினார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே வேண்டாம் என்றான்.

அடுத்தது பட்டணத்தில் ஒரு தரகன் வைத்திருந்த மலைநாட்டுக் கார். எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அதுவே அவனுக்குப் பிடிக்கவில்லை. ஓடின எஞ்சின் என்றால் கொஞ்சம் ஊத்தை இருக்கத்தான் வேண்டும். கியர்ப் பெட்டி மூடியைக் கழற்றி எண்ணெயில் விரலை விட்டுப் பார்த்தான். விரலோடு மரத்தூள் வந்தது! பல்லுத் தேய்ந்த கியர் சத்தம் போடாமல் இருக்க உள்ளே மரத்தூளைப் போட்டு அமுக்கி வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான்.

“இதை அடுப்பெரிக்கப் போடுங்கோ, நல்லாய் எரியும்” என்று சொல்லிவிட்டு, உடைத்து வைத்த சோடாவையும் தொடாமல் நடந்தான்.

மூன்றாவது வட்டுக்கோட்டை. மலாயாவில் நில அளவையாளராக இருந்து பென்சன் எடுத்து வந்த ஜெபநேசன் என்பவரின் ஹம்பர். கண் பார்வை மங்கிவிட்டதால் விற்கிறார் என்று கேள்வி. சோமசேகரம் முன்கூட்டிச் சொல்லாமல், விடியற்காலையில் போய் நின்றான். விற்கிறவன் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்தால் அதன் குணம் தெரியாது. முதலில் போய் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது. பிறகுதான் வணக்கம் சொன்னான்.

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, இருமல் இல்லை. கதவைச் சாத்தினால் தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கியர்ப் பெட்டிக்குள் விரலை விட்டான், சுத்தமான எண்ணெய். அடியில் புகுந்தான், துருவே இல்லை. உள்ளே தவிட்டு நிறத் தோல் சீற், கால் நீட்ட இடம், யன்னலுக்குக் குட்டித் திரைச்சீலை வேறு! சோமசேகரத்துக்குக் கண்டதுமே பிடித்துவிட்டது. முகத்தில் மட்டும் காட்டவில்லை.

“ஆர் ஓடினது ஐயா?”

“நான்தான். ஞாயிற்றுக்கிழமையிலை கோயிலுக்குப் போய் வர மட்டும். கூப்பிடு தூரம்” என்றார் ஜெபநேசன். 

“ரேடியேற்றருக்கு என்ன தண்ணி விடுறனீங்கள்?”

இதைக் கேட்க அவனுக்குக் காரணம் இருந்தது. நம்முடைய நிலம் சுண்ணாம்புக் கல். சில கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கல்லாகப் படியும். அதனால் தன் பழைய காருக்கு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் விடுவான்.

“என்ன தண்ணியோ? எங்கடை கிணத்துத் தண்ணிதான்! இந்தப் பகுதியிலையே இப்பிடி ஒரு நல்ல தண்ணி கிடையாது” என்று ஜெபநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை, பாவம். யாழ்ப்பாணத்தில் தன் வீட்டுக் கிணறு கூடாது என்று சொல்லுகிற ஒரு மனிதனைக் காட்டுங்கள் பார்ப்போம். பெண்சாதியைக் குறை சொல்லுவான், பிள்ளையைக் குறை சொல்லுவான், கிணற்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டான். இந்தச் சங்கதி சோமசேகரத்துக்கும் தெரியும். ஒரு வாய் வாங்கிக் குடித்திருந்தால் முடிந்தது. அதற்கும் வழி வந்தது. ஜெபநேசனின் மனைவி ஐரிஸ் தட்டில் தேத்தண்ணீரோடு வெளியே வந்தார்.

“வேண்டாமம்மா, இப்பதான் குடிச்சனான்” என்றான் இந்தப் புத்திசாலி.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கொண்டுவந்தார். கோப்பையைக் கையால் மூடினான். ஐரிஸின் முகம் வாடிவிட்டது.

“ஏன் தம்பி, நாங்கள் யேசுவைக் கும்பிடுற வேதக்காரர் எண்டோ எங்கடை வீட்டிலை குடிக்க மாட்டியள்?”

சோமசேகரம் பதறி எழும்பினான். “ஐயோ அம்மா, என்ன கதை கதைக்கிறியள்! எங்கடை அப்பர் பழக்கின பழக்கம். விலை முற்றாகட்டும், உங்கடை கையாலை ரண்டு கோப்பை வாங்கிக் குடிக்கிறன்.”

விலை பேசினார்கள். கொஞ்சம் இவர் இறங்க, கொஞ்சம் அவன் ஏற, வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் முற்றாகிவிட்டது. காசு கைமாறியது. ஜெபநேசன் கார்த் திறப்பை அவன் உள்ளங்கையில் வைத்து, “நல்லாய் வைச்சிரும் தம்பி” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. பிறகு ஐரிஸ் சந்தோஷமாகக் கொண்டுவந்த தேத்தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

குடித்தவன் அப்படியே இருந்துவிட்டான். தேத்தண்ணீருக்கு மேலே வெள்ளையாய் ஓர் ஆடை. நாக்கில் மா மாதிரி ஒரு தடிப்பு. சுண்ணாம்பு! 

“அம்மா, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் தண்ணி காய்ச்சுற கேத்திலை ஒருக்கால் காட்டுவியளோ?”

கார் வாங்க வந்தவன் கேத்தில் பார்க்கக் கேட்கிறானே என்று ஐரிஸ் விழித்தாலும் கொண்டுவந்து காட்டினார். உள்ளே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைக் கல். மூக்குத் துவாரம் பாதிக்கு மேல் அடைந்து கிடந்தது. சோமசேகரம் கேத்திலைப் பார்த்தான், காரைப் பார்த்தான். வாங்கிய நாள் முதல் இதே தண்ணீர்தான் அதன் வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது. கூப்பிடு தூரத்துக்கு ஓடினபடியால் ஒருநாளும் கொதிக்கவில்லை, இவர்களுக்கும் தெரியவில்லை. இனிப் பேச என்ன இருக்கிறது? வாக்குக் கொடுத்தாயிற்று, காசு கொடுத்தாயிற்று. இரண்டாவது கோப்பையும் வந்தது. சொன்ன சொல்லுக்காக அதையும் குடித்தான்.

கோப்பாய்க்குக் கிட்ட வரும்போது ஹம்பர் குபுகுபுவென்று ஆவி விட்டது. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, திரும்பவும் நிறுத்தி, ஒரு மாதிரி அச்சுவேலிக்கு வந்து சேர்ந்தான். படலையடியில் பூரணம் ஆலாத்தித் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்ன, முகம் சுண்டிப்போச்சு?”

அவன் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். மாப்பிள்ளை ஊர்வலம் மேளத்தோடு நடந்து போகிற வேகத்தில் போகவேண்டும் என்றும், அப்படி ஊர்ந்தால் இந்த ரேடியேற்றர் கால் மைல்கூடத் தாங்காது என்றும் சொன்னான். “காலிக்குத்தான் போகவேண்டி வரும்போலை” என்று முடித்தான்.

பூரணம் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பா அது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அண்டைக்கு என்ரை பணியாரத்தைத் தொடாமல் போன பாவம்! இண்டைக்குத்தான் பிடிச்சிருக்கு!” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேத்திலிலை பிடிச்ச கல்லுத்தானே? அம்மா என்ன செய்யிறவ தெரியுமோ? நல்லாய்ப் புளிச்ச கள்ளை விட்டுக் காய்ச்சுவா. கல்லு நுரைச்சுக்கொண்டு கழலும். கேத்தில் என்ன, ரேடியேற்றர் என்ன” என்றாள்.

மறுநாள் பின்னேரம் சோமசேகரம் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கள்ளுத் தவறணைக்குப் போனான். பிறந்து வளர்ந்து கள்ளுக் கொட்டில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். தகரம் நிறையப் புளித்த கள்ளை வாங்கிக்கொண்டு பெருந்தெருவால் நடந்து வந்தால் ஊர் சும்மா இருக்குமா? அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். கள்ளை ரேடியேற்றருக்குள் விட்டு, எஞ்சினைச் சூடாக்கி, மூடியடியில் காதை வைத்தால் உள்ளே புஸ்ஸென்று நுரைக்கிற சத்தம். திறந்துவிட்டால் வெள்ளைச் சேறாக ஓடியது. அதைக் கண்ட சந்தோஷத்தில் தேவாரத்தைச் சினிமா மெட்டில் இழுத்துப் பாடினான். வேலிக்கு அந்தப்பக்கம் கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஊர்க் கதை சீவரத்தினத்தார் காதுக்குப் போகாமல் இருக்குமா? தாடியும் திருநீறுமாக நேரே வந்தார். காரின் தோல் சீற்றைத் தடவிப் பார்த்தார், திரைச்சீலையை இழுத்துப் பார்த்தார். அதில் மனம் விழுந்துவிட்டது.

“கார் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் தம்பி, கலியாணத்தண்டைக்கு ஒரு சொட்டு உன்ரை வாயிலை படக் கூடாது. சொல்லிப்போட்டன்.”

சோமசேகரம் வாயைத் திறந்தான், மூடினான். நான் குடிக்கவில்லை, காருக்குத்தான் வருத்தம் என்று சொன்னால் என்ன நடக்கும்? வருத்தக்காரக் காரில் எவன் மாப்பிள்ளையை ஏற்றுவான்? கனிசியஸுக்கு ஆள் போய்விடும். “ஓம் ஐயா” என்று குடிகாரன் பட்டத்தைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். பூரணம் உள்ளே நின்று பல்லைக் கடித்தாள்.

கலியாணத்துக்கு முதல் நாள் ஏரம்பு காலியிலிருந்து வந்து இறங்கினான். வீட்டுக்குள் கால் வைக்கமுன்பே மூக்கைச் சுளித்தான். சந்தியில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தான்.

“தங்கச்சி, உவனை இனி இஞ்சை விட்டால் வீணாய்ப் போயிடுவான். கலியாணம் முடிய வெளிக்கிடச் சொல்லு. பெட்டியைக் கட்டு” என்றான்.

தமையனிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்றால், அவன் சீவரத்தினத்தாரிடம் புகையிலை வாங்குகிறவன், ஒரு நாள்கூட வாயை வைத்துக்கொண்டு இருக்க மாட்டான். பூரணம் போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். புருஷனின் வேட்டியை ஒவ்வொன்றாக மடித்து வைக்கும்போது அழுதாள். வாழ்க்கையில் அவள் செய்த வேலைகளில் அதுதான் பொல்லாத வேலை.

கலியாணம் பகல் முகூர்த்தம். புத்தூரில் பெண் வீடு. ஹம்பரைக் கழுவி, மழைத் தண்ணீர் விட்டு, பூச்சரம் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினான். மாப்பிள்ளை ஏறினான், தோழன் ஏறினான். முன்னாலே நாதஸ்வரமும் தவிலும். காருக்குப் பக்கத்தில் சீவரத்தினத்தாரும் ஏரம்புவும் நடந்து வந்தார்கள். ஆவணி வெயில் மண்டையைப் பிளந்தது. தவில்காரனுக்கோ அன்று நல்ல கை. ஒவ்வொரு சந்தியிலும் நின்று வெளுத்து வாங்கினான். சனம் “சபாஷ்” போட்டது. சபாஷ் போடப் போட அவன் நகர மாட்டேன் என்றான். சோமசேகரம் காரை நிறுத்தவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல், மூடியைப் பார்த்தபடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இதோ கொதிக்கப் போகிறது, இதோ ஆவி வரப் போகிறது, இதோ காலிக்கு ரயில் ஏறப் போகிறேன்!

புத்தூர் எல்லையில் தவில் ஒருவழியாக ஓய்ந்தது. அவன் பொறுக்க மாட்டாமல் கீழே இறங்கி, ரேடியேற்றரில் கையை வைத்தான். சூடுதான், ஆனால் கை தாங்குகிற சூடு. ஒரு துளி ஆவி இல்லை. கல்லெல்லாம் கழன்றுவிட்டது! அந்த இடத்திலேயே, அத்தனை சனத்துக்கும் நடுவில், தன்னை மறந்து கெக்கட்டம் விட்டுச் சிரித்தான்.

அவன் சிரித்ததும், சூடேறிய எஞ்சினிலிருந்து கள்ளு வாசனை கம்மென்று எழும்பியதும் ஒன்றாகவே நடந்தது. எத்தனை தரம் கழுவினால்தான் என்ன, போகவில்லை. சீவரத்தினத்தாரின் முகம் சிவந்தது.

“படுபாவி, குடிச்சுப்போட்டோ வந்தனி? சொல்லியும் குடிச்சனியோ? இறங்கு! திறப்பைக் குடு! வேறை ஆள் ஓட்டட்டும்!”

ஏரம்பு தலையைக் குனிந்துகொண்டான். மேளகாரர் திரும்பிப் பார்த்தார்கள். சோமசேகரத்துக்கு உள்ளே ஏதோ அறுந்தது. இவ்வளவு நாளும் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் இனி எதற்கு?

“நான் குடிக்கேல்லை ஐயா!” என்று கத்தினான். “சத்தியமாய் நான் குடிக்கேல்லை. கார்தான் குடிச்சது!”

சனம் ஓவென்று சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். வட்டுக்கோட்டைக் கிணறு, தொடாத தேத்தண்ணீர், பிறகு குடித்த இரண்டு கோப்பை, கேத்தில், தவறணை, ஒன்றையும் விடவில்லை. “முற்றாகமுன்னம் கை நனைக்கக் கூடாதெண்டு இருந்து கெட்டன் ஐயா. அந்தத் தேத்தண்ணியை முதலே ஒரு வாய் குடிச்சிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை. இப்ப கையை வைச்சுப் பாருங்கோ. கார் சுகம். என்னை இறக்குறதெண்டால் இறக்குங்கோ, குடிகாரன் எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ. வீட்டிலை என்ரை மனிசி கேட்டுக்கொண்டு இருக்கமாட்டாள்.”

சீவரத்தினத்தார் ரேடியேற்றரில் கையை வைத்தார். எடுத்தார். அவருடைய தாடி மெல்ல ஆடத் தொடங்கியது. கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“எட ஏரம்பு” என்றார் மெதுவாக. “நானும் இந்தச் சம்பந்தத்துக்கெண்டு எத்தினை தரம் புத்தூருக்கு வந்தன். அவையள் மோர் தந்தினம், தேத்தண்ணி தந்தினம். முற்றாகட்டும் எண்டு ஒரு சொட்டு நான் வாயிலை வைக்கேல்லையடா. என்ரை மோன் இனி அந்த வீட்டோடைதானே இருக்கப்போறான். அவையின்ரை கிணறு எப்பிடியெண்டு எனக்குத் தெரியாதே!”

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் ஊர் கண்டது. மாப்பிள்ளை காருக்குள் இருந்து எட்டிப் பார்த்துத் தானும் சிரித்தான். “ஏறு, ஏறு, ஓட்டு. முகூர்த்தம் போகுது” என்று சீவரத்தினத்தார் சோமசேகரத்தின் முதுகில் தட்டினார்.

பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி முடிந்ததும் சம்பந்தியார் கைகூப்பி வரவேற்றார். சீவரத்தினத்தார் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

“ஒரு செம்பு தண்ணி தாருங்கோ.”

செம்பு வந்தது. வாங்கி அண்ணாந்து ஒரு வாய் விட்டு, விழுங்காமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை பக்கத்துச் சனம் முழுக்க மூச்சுக் காட்டாமல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றது. சம்பந்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பயந்துபோனார். பிறகு தொண்டை அசைந்தது.

“நல்ல தண்ணி” என்றார். மேளம் முழங்கியது.

மறுநாள் காலை ஏரம்பு பெட்டியோடு முற்றத்தில் நின்றான். தங்கச்சியின் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. “எண்டாலும் மச்சான், ஒரு கலியாணத்தோடை என்ன கண்டது, யோசிச்சுப் பார்” என்று தொடங்கினான். முடிக்கவில்லை, படலையில் ஆள் கூப்பிட்டது. நீர்வேலியிலிருந்து ஒரு கலியாண வீட்டார். “கள்ளுக் குடிச்ச கார் இந்த வீட்டிலையோ?” என்று கேட்டார்கள். அவர்களை அனுப்ப முன்னமே அடுத்த ஆள். அதுவும் அந்தக் காரைத்தான் கேட்டது. ஊர் முழுக்கக் கதை ஓடிவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டார்கள், ஆனால் கேட்டார்கள். தன் காரைப் பற்றி இவ்வளவு மானம் கெடச் சனத்துக்கு முன் உண்மை பேசுகிறவனின் காரை நம்பலாம் என்று பட்டதோ என்னவோ.

“ஸ்ரேசனிலை கொண்டுபோய் விடட்டோ மச்சான்?” என்று சோமசேகரம் கேட்டான்.

“வேண்டாம். உனக்கு வேலை கிடக்கு. நான் பஸ்ஸிலை போறன்” என்று ஏரம்பு தன் பெட்டியைத் தானே தூக்கினான். படலையடியில் நின்று திரும்பிப் பார்த்து, “தங்கச்சியை நல்லாய்ப் பார்” என்றான். அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் பருத்தித்துறையில் இருந்தார்கள். இந்தத் தரம் அவர்களோடு இருந்தது ஓர் இரவுதான்.

அவன் போன பிறகு பூரணம் உள்ளே போய், கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்து, வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். வெளியே சோமசேகரம் சும்மா ஓட்டுகிற சீற்றில் ஏறி இருந்தான்.

பின் கதவு திறந்து தொப்பென்று சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பினான். பூரணம் தோல் சீற்றில் நடுவாக, கலியாணப் பெண் மாதிரி நிமிர்ந்து இருந்தாள். கார் வந்த நாளிலிருந்து அவள் அதில் ஏறவே இல்லை.

அவன் முன்னுக்குத் திரும்பி, தொண்டையைச் செருமி, வாடகைக்கு வந்தவர்களிடம் கேட்கிற குரலில் கேட்டான்.

“எங்கை போகோணும் அம்மா?”

பூரணம் யன்னல் திரைச்சீலையை ஒதுக்கி முற்றத்தைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், கொடியில் காற்றுக்கு ஆடிய வேட்டிகளைப் பார்த்தாள்.

“ஒரிடமும் வேண்டாம்” என்றாள். “இஞ்சையே இருப்பம்.”